அறுபத்தொரு பவுண்டு வட்டி

லாங்டன்
12 செப்டம்பர் 1976

அன்புள்ள வின்னி அக்கா,

நாங்கள் இருவரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் ஒருவழியாக ஓய்ந்து மழை வந்துவிட்டது. கொல்லைப் புல் மட்டும் இன்னும் வைக்கோல் நிறம்.

போன வருஷம் பீங்கான் ஆலையில் என் சம்பளத்தில் வரியை அதிகமாகப் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா? மூன்று முறை எழுதிக் கேட்டது நான். முப்பத்தெட்டு பவுண்டு திரும்பி வந்தது. செக் பெர்சி பெயரில். சம்பளக் கணக்கு எழுதும் பெண் எங்கள் அறைக்கு வந்தபோது அவளிடம் சண்டை போட்டேன். “கல்யாணமானவங்களுக்கு வீட்டுக்காரர் பேர்லதான் வரும் மேவிஸ். உங்களுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்” என்றாள். பக்கத்தில் நின்ற ஹில்டா, “நம்ம பேர்ல வர்ற ஒரே காகிதம் சாவுச் சான்றிதழ்தாண்டி. அதையும் அந்தாளு போய் வாங்கிட்டு வருவான்” என்றாள். தட்டு விளிம்புக்குத் தங்கக் கோடு இழுக்கும் எங்கள் அறை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெர்சி அந்தப் பணத்தில் பந்தயப் புறா திரும்பி வரும் நேரத்தைப் பதியும் கடிகாரம் வாங்கிவிட்டார். சுரங்கத்திலிருந்து வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அதற்குச் சாவி கொடுக்கிறார்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். ஒன்பது வருஷமாக நான் தபால் சேமிப்பு வங்கியில் பணம் போட்டு வருகிறேன். வெள்ளிக்கிழமைச் சம்பள உறையை அவர் வாங்கி எண்ணி, பஸ் காசை எனக்குத் தருவார். சனிக்கிழமை கூடுதல் வேலைக்குத் தரும் உறை அவருக்குத் தெரியாது. பாஸ்புத்தகம் ஆலையில் என் தூரிகை டப்பாவின் அடியில் இருக்கிறது. அறுநூற்றுத் தொண்ணூறு பவுண்டு. டெர்பியில் ஒரு பீங்கான் ஆலையில் கோடு இழுக்க ஆள் எடுக்கிறார்கள். திருமதி ஒலரன்ஷா என்பவர் வீட்டு மாடியில் ஓர் அறை காலி. ஏன் போகிறேன் என்று கேட்காதே, அக்கா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

சிக்கல் இதுதான். போன ஞாயிறு அவர் மேஜையில் உட்கார்ந்து வரிப் படிவம் நிரப்பினார். “உனக்குச் சம்பளம் தவிர வேற ஏதாச்சும் வருதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஆனால் எனக்குப் போன வருஷம் அறுபத்தொரு பவுண்டு வட்டி வந்திருக்கிறது. அதற்கு வரி உண்டாமே. பொய் சொன்னால் வழக்கு என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. நீ வருஷா வருஷம் உன் படிவத்தை நீயே நிரப்புகிறவள். நான் என்ன செய்யட்டும்?

படியில் பார்த்து இறங்கு.

உன் மேவிஸ்

---

லோஸ்டாஃப்ட்
19 செப்டம்பர் 1976

அன்புள்ள மேவிஸ்,

முட்டி பரவாயில்லை. கோடு இழுத்து வலிக்கும் உன் மணிக்கட்டுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்.

இதற்கா தூக்கம் கெடுகிறாய்? இருபத்தாறு வருஷமாக நான் வரி அலுவலகத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் நிலக்கரிக் கடையில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பித் தருவதும் நான்தான். அவர்கள் மறைத்தவர்களைத்தான் பிடிப்பார்கள். தானாக வந்து சொன்னவரை ஒன்றும் செய்ய மாட்டார்கள். நேராக ஆய்வாளருக்கு எழுது. வட்டி இவ்வளவு, வரி எவ்வளவு, நானே கட்டுகிறேன் என்று நாலு வரி. பதிலை ஆலை முகவரிக்குப் போடச் சொல். கணவருக்குத் தெரியாது என்பதையும் எழுதிவிடு. ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்கு என் வருமானத்தைச் சொல்வார்களா? அதுபோலத்தான்.

மடியில் கனம் இல்லாமல் டெர்பிக்குப் போ. சரியாகச் சாப்பிடு.

வின்னி

---

மாதர்ஸ்வே பீங்கான் ஆலை, லாங்டன்
27 செப்டம்பர் 1976

வரி ஆய்வாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். ஒன்பது வருஷமாக என் பெயரில் உள்ள தபால் சேமிப்புக் கணக்கில் போன வரி ஆண்டில் அறுபத்தொரு பவுண்டு வட்டி வந்தது. இது எங்கள் படிவத்தில் விட்டுப்போயிற்று. தவறு என்னுடையது, என் கணவருடையது அல்ல. அவருக்கு இந்தக் கணக்கு இருப்பது தெரியாது. வரி எவ்வளவு என்று தெரிவித்தால் நானே கட்டிவிடுகிறேன். தயவுசெய்து பதிலை மேலே உள்ள ஆலை முகவரிக்கு அனுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
மேவிஸ் டன்னிக்ளிஃப் (திருமதி)

---

வரி ஆய்வாளர் அலுவலகம்
18 அக்டோபர் 1976

திரு. பி. டன்னிக்ளிஃப் அவர்களுக்கு,

அன்புடையீர், உங்கள் மனைவி 27 செப்டம்பர் அன்று எழுதிய கடிதம் கிடைத்தது. கணவருடன் வாழும் மனைவியின் வருமானம், வரியைப் பொறுத்தவரை, கணவரின் வருமானமாகவே கொள்ளப்படும். ஆகவே பதிலை உங்களுக்கு எழுதுகிறோம்.

உங்கள் மனைவி பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கின் வட்டி 61 பவுண்டு உங்கள் படிவத்தில் சேர்க்கப்பட்டது. நீங்கள் செலுத்த வேண்டிய கூடுதல் வரி 21 பவுண்டு 35 பென்ஸ். முந்தைய எட்டு ஆண்டுகளின் வட்டி விவரத்தையும் அனுப்பக் கோருகிறோம்.

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) வரி ஆய்வாளருக்காக

---

லாங்டன்
23 அக்டோபர் 1976

வின்னிக்கு,

நலமாக இருப்பீர்கள். நான் இல்லை.

சனியன் பிடித்த அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒன்பது வருஷம் ஒரு கணக்கு. அதற்கு நான் வரி கட்ட வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட்ட படிவம் பொய்யாம். சுரங்கத்தில் முப்பது வருஷம், ஒரு பென்னி நான் ஏமாற்றியது கிடையாது. வரி அலுவலகத்தில் எவனோ ஒருவன் என் பெயரைப் பார்த்துச் சிரித்திருப்பான்.

“யாருடி இதை எழுதச் சொன்னது?” என்று கேட்டேன். “அக்கா” என்றாள். “எதுக்குடி இந்தப் பணம்?” என்று கேட்டேன். அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

பாஸ்புத்தகத்தை வாங்கிவிட்டேன். பணத்தை முழுவதும் எடுப்பதற்கான படிவத்தை நானே நிரப்பி, நானே கையெழுத்துப் போட்டு, புத்தகத்தோடு தபாலில் சேர்த்தாயிற்று. ஒரு மாதம் ஆகுமாம். சட்டமே அவள் வருமானம் என் வருமானம் என்று சொல்லிவிட்டது. அப்புறம் என்ன?

இந்த வீட்டுக்கு இனிமேல் கடிதம் எழுதாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி. டன்னிக்ளிஃப்

---

லோஸ்டாஃப்ட்
26 அக்டோபர் 1976

அன்புள்ள மேவிஸ்,

ஆலை முகவரிக்கு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டும் முதலில் எழுது.

பெர்சியின் கடிதம் வந்த அன்றே அரை நாள் லீவு போட்டுவிட்டு இங்குள்ள வரி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர்.

“என் தங்கச்சி எழுதுன கடிதத்துக்கு அவ புருஷனுக்கு எப்படிப் பதில் போடலாம்?”

“சேர்ந்து வாழுறாங்களா அம்மா?”

“வாழ்ந்தா?”

“அப்ப அவருக்குத்தான் போடணும்.”

“ரகசியம் காப்பீங்கன்னு சொல்றாங்களே?”

“காப்போம். வெளி ஆளுங்ககிட்ட. புருஷன் வெளி ஆளா?”

“நான் கட்டிக்காததால என் வரி எனக்கு. அவ கட்டிக்கிட்டதால அவ வரி அவனுக்கா?”

“சட்டத்தை நான் எழுதல அம்மா. வரிசையில பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்து, முதல் பக்கத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். ‘நீங்கள் கணவருடன் வாழும் மனைவியானால், இந்தப் படிவம் அவருக்கே அனுப்பப்பட்டதாகக் கருதி அவர் நிரப்ப வேண்டும்.’ இருபத்தாறு வருஷமாக அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அது எனக்குரிய வரி அல்ல என்பதால் என் கண் அதில் நின்றதே இல்லை.

அந்த ஆளை நான் சும்மா விடவில்லை. காவலாளியைக் கூப்பிடும் வரை கத்தினேன். இதோடு ஐந்து பவுண்டு நோட்டு வைத்திருக்கிறேன். உடனே எழுது.

வின்னி

---

தபால் சேமிப்பு வங்கி
2 நவம்பர் 1976

திருமதி எம். டன்னிக்ளிஃப் அவர்களுக்கு,

அன்புடையீர், உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கோரும் படிவம் பி. டன்னிக்ளிஃப் என்பவரின் ஒப்பத்துடன் வந்துள்ளது. கணக்கு வைத்திருப்பவரின் ஒப்பம் இல்லாமல் எந்தத் தொகையும் வழங்க இயலாது. பி. டன்னிக்ளிஃப் என்ற பெயரில் இக்கணக்கில் உரிமையுள்ளவர் எவரும் இல்லை. பாஸ்புத்தகமும் வெற்றுப் படிவம் ஒன்றும் உங்களுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன.

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) மேலாளருக்காக

---

லோஸ்டாஃப்ட்
14 நவம்பர் 1976

அன்புள்ள மேவிஸ்,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஆலைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஹில்டா என்று ஒருத்தி எடுத்து, “வேலைக்கு வர்றா, கோடு இழுக்குறா, வாயைத்தான் திறக்க மாட்டேங்குறா. நீங்கதான் அந்த லெட்டர் எழுதச் சொன்ன அக்காவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஒரு வரி போதும், மேவிஸ்.

வின்னி

---

டெர்பி
5 டிசம்பர் 1976

வின்னி அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

உன் ஐந்து பவுண்டை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். யார் கொடுத்தாலும் இப்போது எனக்கு எரிகிறது.

நடந்ததைக் கேள். அந்தப் பழுப்பு உறை வந்தது காலை ஏழரைக்கு. அவன் ஐந்துக்கே சுரங்கத்துக்குப் போய்விட்டான். வாசற்படியில் இருந்து எடுத்தது நான். மேலே அவன் பெயர், மூலையில் வரி அலுவலக முத்திரை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்றுதானே அம்மா நம்மை வளர்த்தாள்? கணப்பு மாடத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அவன் கண்ணில் படும்படி நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். என் கழுத்துக் கயிற்றை என் கையாலேயே மாட்டி வைத்துவிட்டுப் போனேன், அக்கா. அன்றைக்கு நாற்பது தட்டுக்குக் கோடு இழுத்தேன், ஒன்றுகூடக் கோணவில்லை.

ராத்திரி அவன் சத்தம் போட்டுப் படித்தான். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். ‘உங்கள் மனைவியின்’ என்ற இடம் வரும்போதெல்லாம் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் எழுதிய கடிதம், நான் கேட்ட கேள்வி, என் வட்டி. அதில் என் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. மறுநாள் ஆலைக்கே வந்தான். கோடு இழுக்கும் அறை வாசலில் நின்று கையை நீட்டினான். முப்பது பெண்கள் பார்க்கத் தூரிகை டப்பாவைக் கவிழ்த்து, புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

வீட்டில் மேஜை மேல் வைத்து, பணம் எடுக்கும் படிவத்தை அவனே நிரப்பினான். வரிப் படிவம், வாடகைப் படிவம், வானொலி உரிமம், எல்லாவற்றிலும் இருபத்திரண்டு வருஷமாக அவன்தான் கையெழுத்து. கணக்கு வைத்திருப்பவரின் கையெழுத்து என்று போட்டிருந்த கட்டத்தில் ‘பி. டன்னிக்ளிஃப்’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தான். நான் தேநீர்க் கெண்டியோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “சீனி போடவா?” என்று மட்டும் கேட்டேன்.

வங்கிக்காரர்கள் புத்தகத்தை எனக்கே திருப்பி அனுப்பினார்கள். உறையில் என் பெயர். அதுவும் காலை ஏழரைத் தபாலில். வாசலில் நின்றபடியே பிரித்தேன். அன்று மதியமே என் கையெழுத்தைப் போட்டு, பணத்தைத் திருமதி ஒலரன்ஷாவின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன். அதற்கும் ஒரு மாத அறிவிப்பு.

அந்த மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று உனக்குச் சொன்னால் புரியாது. தினமும் சாயங்காலம், “தபால் வந்துச்சா?” “வரல.” “ஒரு மாசம்னா ஒரு மாசந்தானே?” “கவர்மெண்டு வேலை, தெரியாதா உங்களுக்கு?” புறாக் கூண்டுக்குப் புதுக் கூரை போடப்போகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். பலகைக்கு முன்பணம்கூடக் கொடுத்துவிட்டான்.

நேற்று சனிக்கிழமை. புறாக் கண்காட்சிக்காக ஸ்டஃபோர்ட் போனான். மேஜை மேல் அவனுக்கு ஓட்ஸ் ரொட்டியும் சீஸும் வைத்து மூடிவிட்டு, ஒரே பெட்டியோடு பஸ் ஏறினேன். செக் எனக்கு முன்னால் இங்கே வந்து காத்திருந்தது.

உன்னிடம் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நான்தான் கோபமாக இருக்கிறேன். நீ அந்தக் கவுண்டர்க்காரரைத் திட்டியதை இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். சட்டத்தைத் திட்டியிருந்தாய். நான் தேடிய ஒரு வார்த்தை அதில் இல்லை.

குளிரில் வெளியே போகாதே.

மேவிஸ்

---

லோஸ்டாஃப்ட்
12 டிசம்பர் 1976

அன்புள்ள மேவிஸ்,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன். நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கலாம். எழுத வரவில்லை. நிலக்கரிக் கடையில் எல்லோரும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள் என்ற திமிர். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

ஐந்து பவுண்டை மறுபடி அனுப்பவில்லை. அறையில் குளிர் எப்படி? ஜன்னல் இடுக்குக்குச் செய்தித்தாள் திணித்து வை.

வின்னி

---

லாங்டன்
20 பிப்ரவரி 1977

மேவிஸ்,

நலம் என்று நினைக்கிறேன். இருமல் விடவில்லை. வின்னி மூலமாக இதை அனுப்புகிறேன்.

வரி அலுவலகத்திலிருந்து இரண்டாவது நினைவூட்டல் வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்கிறார்கள். எல்லாம் சேர்ந்து எண்பது பவுண்டுக்கு மேல். பணம் உன்னிடம் இருக்கிறது. நீ தின்ற வட்டிக்கு நான் வரி கட்டுவேன் என்று நினைக்காதே. உடனே அனுப்பு. ஆத்திரத்தில் இரண்டு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். வீட்டுக்கு வருவதானால் வா. கூண்டுக்குக் கூரை போடவில்லை, மழை ஒழுகுகிறது.

பெர்சி

---

டெர்பி
16 ஏப்ரல் 1977

பெர்சிக்கு,

நலம். இருமலுக்குத் தேன் குடி. மேல் அலமாரியில் சீசா இருக்கிறது.

பதில் தாமதமானதற்குக் காரணம், ஓர் உறைக்காகக் காத்திருந்தேன். நேற்று வந்தது. பழுப்பு உறை, முன்னால் என் பெயர். வரிப் படிவம். தனியாக வாழ்கிறேன் என்று எழுதிப் போட்டதால் இனி என் படிவம் எனக்கே வருமாம். ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன். சம்பளம் எவ்வளவு, செக்கை இங்கே புதுக் கணக்கில் போட்டதற்கு நாலு மாத வட்டி எவ்வளவு, எல்லாம் உள்ளபடி. முதல் பக்கத்தில் மனைவிமாருக்கான அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். அரசாங்கக் காகிதம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் கையெழுத்து நான்தான் போட்டேன். இனிமேல் எனக்கு வரும் வட்டிக்கு நான் ஒழுங்காக வரி கட்டுவேன்.

நீ கேட்ட எண்பது பவுண்டு அதற்கு முந்தையது. அந்த ஒன்பது வருஷமும் நான் உன்னோடு வாழ்ந்தேன். என் வருமானம் உன் வருமானம் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதத்தை மூன்று தரம் சத்தமாகப் படித்துக் காட்டியது நீதான். நானே கட்டுகிறேன் என்று அன்றைக்கே எழுதினேன், அவர்கள் கேட்கவில்லை. இப்போது நான் கட்டுவதாக இல்லை. வரி உன்னுடையது. கணக்கில் உனக்கு உரிமை இல்லை என்று வங்கி எழுதிவிட்டது. பணம் என்னுடையது.

இதில் சந்தேகம் இருந்தால் வரி ஆய்வாளருக்கு எழுதிக் கேள். என் கடிதத்துக்கே உனக்குப் பதில் போட்டவர், உன் கடிதத்துக்குப் போடாமலா இருப்பார்?

மேவிஸ்